தயிர் உறையாத வீடு

வெல்லாவெளிக்கு மேற்கே, பனிச்சைவட்டையில், கேதீஸ்வரி தன் மகளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த பிரமிட்டுக்குள் தயிர் உறையாது. பாலை வைத்தால் பாலாகவே இருக்கும். ஒரு கிழமை கழித்து எடுத்தாலும் கறந்த சூடு கையில் தெரியும். ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் வாயைப் பிளந்தால், தயிர்தானே வேண்டும், பின்பக்கம் ஓலை வீட்டில் கேளுங்கள், அங்கே நல்ல கட்டித் தயிர் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பிரமிட் என்றதும் பூந்தோட்டத்தில் அழகுக்கு வைக்கிற ஏதோ ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். முழுக்கக் கருங்கல். வயலுக்குள் இறங்கும் யானைக்கூட்டம் அதன் முன்னால் நின்று கொஞ்சம் யோசித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போகும். ஊர்ப் பிள்ளையார் கோவில் கோபுரத்தைவிட உயரத்தில் ஒரு முழம் குறைவு. அந்த ஒரு முழம் மரியாதைக்காக விட்டது, கல் போதாமல் அல்ல.

கேதீஸ்வரி எகிப்துக்குப் போனது பிரமிட் பார்க்க அல்ல, ஜீன்ஸ் தைக்க. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்தால் அவளுக்கென்று ஒரு வீடும் எழும்ப வேண்டும். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவான். வீடு அவள் பெயரில் இருக்கும். பெற்றவர்கள் பெரிய வீட்டை மகளிடம் விட்டுவிட்டு அதே வளவின் பின்பக்கத்தில் சின்ன வீடொன்று போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். கேதீஸ்வரிக்கும் அவள் தாய் அப்படியொரு வீடு கொடுத்துத்தான் இருந்தாள். அதன் கூரையை ஷெல் எடுத்தது, சுவரில் பாதியை மார்கழி வெள்ளம் கரைத்தது, மிஞ்சியதை நெல் மணம் பிடித்து வந்த ஒற்றை யானை முட்டிச் சாய்த்தது. அன்றைக்கே அவள் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டாள். மகள் பிரஷாந்திக்குக் கட்டுகிற வீட்டைக் குண்டோ தண்ணீரோ விலங்கோ ஒன்றும் செய்யக்கூடாது. சண்டை ஓய்ந்து இரண்டாவது வருடம், மகளைப் புருஷன் கனகசிங்கத்திடம் விட்டுவிட்டு, கால்வாய்க்கரை நகரம் ஒன்றிலிருந்த தையல் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

ஒரு பெருநாள் லீவில் ஆலைக்காரர்கள் பெண்களை பஸ்ஸில் ஏற்றிப் பிரமிட் காட்டக் கொண்டுபோனார்கள். புளியந்தீவிலிருந்து வந்திருந்த டினோஷா என்ற பெண், வழிகாட்டி இங்கிலீசில் சொன்னதைக் கேட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். கேதீஸ்வரி அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். கழுத்து வலித்தும் குனியவில்லை. எத்தனையோ ஆயிரம் வருடம் நின்ற கட்டடம். மேல்பூச்சைப் பெயர்த்துப் போனவர்கள் உண்டு, அதைத் தள்ளி விழுத்தியவர்கள் இல்லை.

"அக்கா, இது ஒரு ராசாட கல்லறையாம்," என்றாள் டினோஷா.

"விசர்க்கதை கதையாத புள்ள. செத்தவனுக்கு ஆராவது இம்மட்டுப் பெரிய வீட்டைக் கட்டுவாங்களா? அந்தா, பக்கத்தில சின்னன் சின்னனா மூணு நிக்குதே, அதுகள் ஆருக்காம்?"

டினோஷா கேட்டுச் சொன்னாள். ராசாவின் தாய்க்கும் மனைவிமாருக்கும்.

"பாத்தியா! தாய் சின்ன வீட்டுக்கு ஒதுங்கியிருக்கா. அப்ப பெரிய வீடு மகளுக்குத்தான். பிறகு வந்த ஆம்பிளையள் ராசாட பேரை எழுதிப்போட்டாங்க."

பெரிய பிரமிட்டின் ஓரத்தில் தோண்டிய குழிக்குள் ஒரு முழுத் தோணி இருந்தது என்று வழிகாட்டி சொன்னதும் அவளுக்கிருந்த மிச்சச் சந்தேகமும் போய்விட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் தோணி வைத்திருப்பவர்கள் எங்கள் வாவிக்கரைச் சனங்களைப் போன்றவர்கள்தானே. அதன் பிறகு அவள் கேட்ட கேள்விகளுக்கு வழிகாட்டிக்கு வாய் உலர்ந்துபோனது. யார் கட்டினார்கள்? வயல் வெள்ளத்துக்குள் கிடக்கிற மாதங்களில் வேலையில்லாமல் இருந்த கமக்காரர்கள். எப்படிக் கட்டினார்கள்? கூட்டம் கூட்டமாகப் பிரிந்து, கூட்டத்துக்கு ஒரு பெயர் வைத்து, போட்டிக்கு. என்ன சாப்பிட்டார்கள்? ரொட்டி, மீன், வெங்காயம். கல் எப்படி நகர்ந்தது? வழிகாட்டி ஒரு பழைய ஓவியத்தின் படத்தை எடுத்துக் காட்டினான். சறுக்குப் பலகையில் பெரிய சிலை ஒன்று வர, அதன் முன்னால் ஒருவன் நின்று மண்ணில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கேதீஸ்வரி அந்தப் படத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

அந்த வருடம்தான் அவளுடைய இடது மார்பில் பாக்கு அளவில் ஒரு கட்டி கையில் பட்டது. அவளுக்குப் பயம் வந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை. குளியலறைக்குள் நின்று கொஞ்சம் அழுதாள். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தால் வீடு எழும்பாது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. முதலில் வீடு, பிறகு கட்டி என்று தனக்குள் வரிசை போட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பினாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

பிரதேச சபையிலிருந்து வரைபடம் பார்க்க வந்த உத்தியோகத்தர் தாளை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவருக்கு வேர்த்தது.

"அம்மா, இதில கூரை எது, சுவர் எது?"

"ரெண்டும் ஒண்டுதான் சேர். ஒழுகாது."

"ஜன்னல்?"

"யானை தும்பிக்கையை விடுறது ஜன்னலுக்குள்ளாலதான் சேர். அதால வைக்கல்ல."

அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அனுமதி கிடைத்தது.

வயல்வட்டையின் ஓரத்தில் பாறைமலை இருந்தது. கனகசிங்கம் வயலும் பார்ப்பான், கல்லும் உடைப்பான். பாறையில் விறகு அடுக்கி நெருப்பு மூட்டி, சூட்டில் அது பிளக்கப் பிளக்க, மாடு படுத்த அளவில் கற்களை எடுத்துத் தந்தான். எடுத்த கல்லை நகர்த்துவதுதான் பாடாக இருந்தது. முதற்கல்லை இழுத்த ட்ராக்டர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு ட்ராக்டர் பூட்டினார்கள், சங்கிலி அறுந்தது. ஆண்கள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, கேதீஸ்வரி குடத்தை எடுத்து வந்து, படத்தில் பார்த்தபடி, கல்லின் முன்னால் தண்ணீரை மெல்ல ஊற்றிக்கொண்டு பின்னுக்கு நடந்தாள். கல் அசைந்தது. பின் அவள் போன வழியே, பட்டிக்குத் திரும்பும் எருமை மாதிரி, அவசரமில்லாமல் அவள் பின்னால் வந்தது. அவள் நிற்க நின்றது. வாவித் தண்ணீருக்கு மட்டும்தான் வந்தது. கிணற்றுத் தண்ணீரை அது கணக்கெடுக்கவில்லை. அதனால் தினமும் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் பீப்பா ஏற்றி வாவியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒருநாள் சந்தியில் யாரோ மீன் கழுவிய வாவித் தண்ணீரை ரோட்டில் ஊற்றிவிட, ஒரு கல் பாதை மாறி பஸ் தரிப்பிடம் வரைக்கும் போய்விட்டது. அதைத் திருப்ப முடியவில்லை. இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது. களுவாஞ்சிக்குடி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதன்மேல் உட்காருவார்கள்.

வேலைக்கு ஆட்களைச் சேர்ப்பதில் அவளுக்குச் சிரமம் இருக்கவில்லை. வெள்ளம் வந்தால் ஊர் முழுக்க ஏறி நிற்கலாம் என்று சொன்னாள், அடுப்பில் மீனும் சோறும் குறையாமல் பார்த்துக்கொண்டாள். அறுவடை முடிந்து அடுத்த விதைப்பு வரைக்கும் சும்மா இருந்தவர்கள் வந்து குவிந்தார்கள். எகிப்தில் போலவே கூட்டமாகப் பிரிக்கலாம் என்று அவள் நினைத்ததுதான் பிழையாகிப்போனது. தாய்வழியில் வருகிற குடிகள் அந்த ஊரில் ஏழு. பிரமிட்டுக்குப் பக்கம் நாலு. கோவில் திருவிழாவில் எந்தக் குடிக்கு முதல் மரியாதை என்பதற்கே ஆளையாள் முறைத்துக்கொண்டு திரிகிற சனம், நாலு பக்கத்தை ஏழாகப் பங்கு போடும் வேலையில் மூன்று மாதம் ஒரு கல்லும் வைக்கவில்லை. கோவில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் கூட்டம் போட்டார். கூட்டத்தில் உட்காரப் போட்ட கதிரை ஒன்று உடைந்தது. கடைசியில் கேதீஸ்வரி எழுந்து, பக்கத்தை விடுங்கள், அடுக்குக்கு ஒரு குடியாகத் திருவிழா முறையிலேயே மாறிமாறி வாருங்கள், உச்சிக்கல்லை எந்தக் குடியும் தொடவேண்டாம், அதை வீட்டுக்குரியவள் வைப்பாள் என்றாள். அதற்குப் பிறகு எந்தக் குடியின் அடுக்கு நேராக வந்தது, எந்தக் குடியின் அடுக்கில் பிளவு தெரிந்தது என்ற போட்டியில் பிரமிட் மளமளவென்று உயர்ந்தது. கேதீஸ்வரியின் கட்டியும் எலுமிச்சங்காய் அளவுக்கு வந்திருந்தது. இடது கையால் குடம் தூக்க முடியாமல் போனபோது வலது கையால் தூக்கினாள். உச்சிக்கல்லைப் பிரஷாந்தி தண்ணீர் ஊற்றி ஊற்றியே மேலே கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

மாப்பிள்ளை நிலோஜன் வாகரைப் பையன். பட்டி நிறைய எருமை வைத்துத் தயிர் விற்கிற குடும்பம். கொரோனா வருடத்தில், ஊரடங்குக்கு நடுவில் கிடைத்த ஒரு முகூர்த்தத்தில், சொற்பப் பேரோடு கலியாணம் நடந்தது. வீடு குடிபுகுகிற அன்று பிரஷாந்தி வாசலுக்கு உட்பக்கமாக அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினாள். பால் நுரைத்து எழும்பி, பானையின் விளிம்புக்கு வந்து, அப்படியே நின்றது. வழியவுமில்லை, இறங்கவுமில்லை. பால் அடக்கமாக நிற்கிறது, குடும்பமும் அப்படி நிற்கும் என்று ஒரு பெரியவர் சொல்ல எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். கேதீஸ்வரியும் கனகசிங்கமும் பின்பக்கத்து ஓலை வீட்டுக்கு ஒதுங்கினார்கள். பிரமிட்டின் பக்கத்தில் ஒரு பழைய தோணியையும் இழுத்துவந்து போட்டாள். பெரிய வீடு, சின்ன வீடு, தோணி. எல்லாம் அங்கே பார்த்தபடியே இருந்தன. அன்று அவள் தன் வாழ்நாளில் தூங்காத தூக்கம் தூங்கினாள். வரிசையில் அடுத்தது கட்டிதான், ஆனால் அதைப் பேரப்பிள்ளையைக் கண்ட பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள்.

தயிர் உறையாததை முதலில் கண்டது நிலோஜன். முதல் நாள் உறைமோர் பிழை என்றான், அடுத்த நாள் சட்டி பிழை என்றான், மூன்றாம் நாள் எருமையைத் திட்டினான். ஓலை வீட்டில் வைத்துப் பார்த்தபோது கத்தியால் வெட்டலாம்போல் உறைந்தது. கல் குளிர்ச்சி, அதனால்தான் என்று கனகசிங்கம் தீர்ப்புச் சொன்னான். உள்ளே வேறு சங்கதிகளும் நடந்தன. கலியாணத்தன்று பிரஷாந்தி வைத்த பூ வாடவில்லை. நிலோஜனுக்கு உள்ளே இருக்கும்வரை தாடி வளரவில்லை. பிளேடு மிச்சம் என்று மகிழ்ந்தான். மனிதர் செய்வது எல்லாம் அந்த வீட்டுக்குள் நடந்தது. தானாக வளர்வதும் தானாகப் பழுதாவதும் நடக்கவில்லை.

ஊரடங்கு தளர்ந்ததும், பூவைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, இருவரும் வாகரைக்குப் போய் அவன் தாயோடு ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார்கள். வரும்போது பிரஷாந்தி முழுகாமல் இருந்தாள். கேதீஸ்வரிக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே நோய், வட்டையில் யானை, ஊரில் கண்ணூறு. இதற்காகத்தானே இந்த வீடு! பிள்ளை பிறக்கும்வரை வாசல்படி தாண்டக்கூடாது என்று மகளுக்குக் கட்டளை போட்டாள். பிரஷாந்தியும் தாண்டவில்லை.

மருத்துவமாது இமெல்டா மிஸ் மாதாமாதம் ஸ்கூட்டியில் வந்து வயிற்றை அளந்தாள். முதல் மாதம் அளந்த அளவே மூன்றாம் மாதமும் வந்தது. ஸ்கான் கருவியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து பார்த்தவர்கள், பிள்ளை சுகம், இதயம் அடிக்கிறது, திகதியைத்தான் பிழையாகச் சொல்லியிருக்கிறீர்கள் என்று புதுத் திகதி போட்டார்கள். அந்தத் திகதியும் போனது. வாகரையிலிருந்து மாமி தொட்டில் அனுப்பினாள். தொட்டில் காத்திருந்தது. கேதீஸ்வரி கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள், சாப்பாட்டைக் கூட்டினாள், மகளைச் சுற்றி மிளகாய் கழித்தாள். பயத்தில் அவளுக்கு இரவும் பகலும் ஒன்றானது. தன் மார்பில் வளர்வது நிற்காமல் வளர, மகளின் வயிற்றில் வளரவேண்டியது நின்றுவிட்டதே என்று அவளுக்குக் கடவுளோடேயே கோபம் வந்தது.

ஒருநாள் இமெல்டா மிஸ் போகிற வழியில் தயிர் கேட்டாள். நிலோஜன் கல்வீட்டுக்குள் இருந்து பாற்சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓலை வீட்டுப் பக்கம் போனான்.

"அதென்ன தம்பி, அங்கயிருந்து இஞ்ச காவுறீங்க?"

"உள்ள உறையாது மிஸ். ஒருநாளும் உறைஞ்சதில்ல. இஞ்சாலதான் உறையும்."

இமெல்டா மிஸ் ஸ்கூட்டியிலிருந்து இறங்கினாள். அவள் புளியந்தீவில் பிறந்து வளர்ந்த, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி. இப்படியான கதைகளை லேசில் நம்புகிறவள் அல்ல. பிரமிட்டைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், பிறகு கேதீஸ்வரியைப் பார்த்துக் கேட்டாள்.

"பாலே உறையாத வீட்டுக்குள்ள புள்ள எப்பிடிக்கா வளரும்?"

கேதீஸ்வரி தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எகிப்தின் வெயிலில் நின்று டினோஷா சொன்னது அப்போதுதான் அவள் காதில் உண்மையாக விழுந்தது. அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"செத்தவங்கட வீட்டையா என்ட புள்ளைக்குக் குடுத்தன்? ஐயோ, நானேதானே வெளிய வரவிடாம வெச்சிருந்தன்!"

அடித்துக்கொண்ட கை இடது மார்பில் பட்டதும் அவள் முகம் போன போக்கை இமெல்டா மிஸ் கண்டுவிட்டாள். ஓலை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டுபோய்ச் சட்டையை விலக்கிப் பார்த்தாள். அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். புற்று எலும்புக்கும் போய்விட்டது, வெட்டி எடுக்கிற காலம் கடந்துவிட்டது, அடுத்த வெள்ளாமை வரைக்கும் இருந்தால் பெரிய காரியம் என்று டாக்டர் சொன்னார். கனகசிங்கம் ஆஸ்பத்திரி மதிலோடு நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான். இத்தனை கல்லை உடைத்தவனுக்குப் பக்கத்தில் படுத்தவளின் கட்டி தெரியவில்லையே என்பது அவனுக்கு ஆறாத குறையாகிப் போனது.

வீட்டுக்கு வந்ததும் கேதீஸ்வரி மகளின் உடுப்புகளை மூட்டை கட்டத் தொடங்கினாள். பிரஷாந்தி மூட்டையைப் பறித்தாள். கொடுத்த வீட்டைத் தாய் திருப்பி எடுப்பது எங்கள் பக்கத்தில் கேள்விப்படாத காரியம். பெரிய வீட்டிலிருந்து மகள் சின்ன வீட்டுக்கு இறங்கினால் தாய்க்குக் காலத்துக்கும் அவப்பெயர்.

"குடுத்ததைப் பறிச்சிட்டாவெண்டு சனம் உங்களத்தானே அம்மா சொல்லும்."

"சொல்லட்டும். எனக்கு உன்ட புள்ள வேணும். வெளிய போ."

பிரஷாந்தி ஒரு கையை வயிற்றில் வைத்தாள். பிறகு தாயின் தோளைப் பிடித்தாள்.

"நான் வெளிய வாறன். ஆனா நீங்க உள்ள வரணும். உள்ள ஒண்டும் வளராதெண்டா உங்கட கட்டியும் வளராதுதானே?"

அது மற்றவர்கள் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. நிலோஜன்கூடச் சட்டியைக் கீழே வைத்துவிட்டான். அன்று பின்னேரமே தாயும் மகளும் வாசலில் ஆளையாள் கடந்தார்கள். கனகசிங்கம் பாயைச் சுருட்டிக்கொண்டு மனைவியின் பின்னால் உள்ளே போனான். வாடாத பூவோடு வெளியே வந்த பிரஷாந்தியின் தலையில் பூ ஓலை வீட்டுப் படலை வாசலுக்கு வருவதற்குள் வாடி உதிர்ந்தது. ஓலை வீட்டில் முதல் வாரமே அவளுக்கு மசக்கை வாந்தி எடுத்தது. எடுக்க எடுக்கக் கேதீஸ்வரி பிரமிட் வாசலில் நின்று கைகொட்டிச் சிரித்தாள். ஊர் என்ன சொன்னது என்றால், ஒன்றும் சொல்லவில்லை. வயிறு வளர்வதைக் கண்ட பிறகு ஊருக்குச் சொல்ல வாயில்லை. வைகாசியில் கண்ணகை அம்மன் கோவில் கதவு வருடச் சடங்குக்காகத் திறந்த அன்று பெண்பிள்ளை பிறந்தது. கண்ணகை என்றே பெயர் வைத்தார்கள். தாயின் வயிற்றில் மற்றப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு காலம் இருந்த பிள்ளை, நல்ல பொறுமைசாலி என்று சொல்கிறார்கள்.

கேதீஸ்வரி உள்ளே இருந்தாள். அடுத்த வெள்ளாமை வந்து போனது, அதற்கடுத்து வந்தவையும் வரிசையாகப் போயின. கட்டி எலுமிச்சங்காய் அளவிலேயே நின்றது. டாக்டர் ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு, நீங்கள் செய்கிறதை அப்படியே செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஊரும் மெல்ல மெல்ல அந்த வீட்டைப் பழகிக்கொண்டது. ஏழு குடிக்காரரும் விதைநெல்லைக் கொண்டுவந்து உள்ளே வைத்தார்கள், வண்டு அண்டவில்லை. பாம்பு கடித்த ஒருவனை அம்புலன்ஸ் வரும்வரை உள்ளே கிடத்திவைத்தார்கள். விஷம் கடித்த இடத்திலேயே நின்றது. ஒரு பெருவெள்ளத்தில் ஊரே வந்து ஏறியபோது, உள்ளே நின்றவர்களுக்குப் பசி வரவில்லை, வெளியே அடுக்குகளில் நின்றவர்களுக்கு வந்தது. எந்தக் குடி உள்ளே, எந்தக் குடி வெளியே என்று ஒரு சண்டையும் வந்தது. கேதீஸ்வரி அதட்டி நிறுத்தினாள். அவள் குரல் பழைய கேதீஸ்வரியின் குரல். தலையில் ஒரு மயிர் புதிதாக நரைக்கவில்லை. உள்ளேயே இருந்தால் அவளுக்குச் சாவு இல்லை என்பது ஊருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஆனால் கண்ணகைக்கு ஒரு பழக்கம் விழுந்துவிட்டது. பின்னேரச் சோற்றைக் கேதீஸ்வரி ஊட்டினால்தான் வாங்கும். பிள்ளையை உள்ளே அதிகம் விடமுடியாது, வளர்கிற பிள்ளை. எனவே கேதீஸ்வரிதான் வெளியே வருவாள். வந்து தோணியில் உட்கார்ந்து, பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, தயிரும் சோறும் பிசைந்து, காகத்துக்கு ஒரு வாய், எருமைக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய் என்று ஊட்டி முடிக்கச் சூரியன் பாறைமலைக்குப் பின்னால் இறங்கிவிடும். அந்த நேரம் முழுக்க அவளுடைய நேரமும் எல்லாரையும்போல் ஓடும். இந்த வருடம் கட்டி பாதி எலுமிச்சங்காய் அளவு கூடியிருக்கிறது என்று இமெல்டா மிஸ் சொல்லிவிட்டாள். உள்ளே இருங்கள் அக்கா என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள். கனகசிங்கமும் கெஞ்சினான். கேதீஸ்வரி இருவருக்கும் தலையாட்டிவிட்டு, பின்னேரமானதும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து வந்தாள்.

நேற்றும் வந்தாள். கண்ணகைக்கு முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அந்தப் பல்லைக் கேதீஸ்வரி உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரஷாந்தியால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, காணும். நான் ஊட்டுறன், நீங்க உள்ள போங்க."

"போறன் புள்ள."

"எப்பவும் இதைத்தான் சொல்லுறீங்க. உள்ள இருந்தா எவ்வளவு காலமும் இருக்கலாம் அம்மா."

"இருக்கலாம்தான். அங்க இருந்தா இவள்ட பல்லு முளைக்கிறத ஆரு பாக்கிற?"

பிரஷாந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேதீஸ்வரி கடைசி உருண்டையைப் பிள்ளையின் வாயில் வைத்தாள், சட்டியின் அடியில் ஒட்டியிருந்த தயிரை விரலால் வழித்துத் தான் தின்றாள், தோணியில் கையூன்றி எழுந்தாள். பிரமிட் வாசல்வரை போனவள் திரும்பி, நாளைக்கும் கொஞ்சம் பாலை உறைய வை என்றாள். பிரஷாந்தி எழுந்துபோய் உறை ஊற்றினாள்.